செங்கல் கூம்பின் நிழலில்

பர்மிங்காமிலிருந்து மேற்கே, டட்லியைத் தாண்டிப் போனால் வேர்ட்ஸ்லி என்று ஒரு சிற்றூர். ஸ்டவர்பிரிட்ஜ் நகரத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. அங்கே மாளிகை இல்லை, கோட்டை இல்லை, கடற்கரை இல்லை. ஒரு நெடுஞ்சாலை, இருபுறமும் சிவப்புச் செங்கல் வீடுகள், ஒரு கால்வாய், சில மதுக்கடைகள், ஒரு தேவாலயம். இவை அத்தனைக்கும் மேலே, எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் கண்ணில் படும் ஒரு பெரிய செங்கல் கூம்பு. சுமார் 100 அடி உயரம். அடியில் அகன்று, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். ரெட் ஹவுஸ் கூம்பு என்பது அதன் பெயர்.

எண்பதுகளின் பிற்பகுதியில் என் கணவருக்கு அந்த ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தோம். கைக்குழந்தையாக இருந்த மகள் அங்கேதான் நடக்கக் கற்றாள், பள்ளிக்கூடம் போனாள், கறுப்பு நாட்டுப் பேச்சை அச்சு அசலாகப் பேசினாள். அந்தச் சுற்றுவட்டாரத்தைக் கறுப்பு நாடு என்றுதான் சொல்வார்கள். நிலக்கரியும் இரும்பும் ஆலைப்புகையும் கொடுத்த பெயர் அது. அந்தக் கரிப்புகைக்கு நடுவேதான், உலகத்திலேயே மிகத் தெளிந்த கண்ணாடிகளில் ஒன்று முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உருகிக்கொண்டிருந்தது.

தள்ளுவண்டியில் மகளை வைத்துக்கொண்டு கால்வாய்க் கரையில் நடப்பது என் தினசரி வழக்கம். 1779-இல் திறந்த ஸ்டவர்பிரிட்ஜ் கால்வாய் அது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படிப்படியாக இறங்க 16 மதகுகள் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மதகிலும் கதவைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கி, அடுத்த தட்டுக்குப் படகை விடுவார்கள். அந்தக் கால்வாயை ஒட்டியே கூம்பு நிற்கிறது. மணலும் நிலக்கரியும் படகில் வந்து ஆலை வாசலிலேயே இறங்கின. வைக்கோல் சுற்றிக் கட்டிய கண்ணாடிச் சாமான்கள் அதே வழியில் வெளியே போயின. குண்டும் குழியுமான சாலையில் குலுங்கும் வண்டியைவிட, அசையாமல் நகரும் படகுதான் கண்ணாடிக்கு ஏற்றது.

கூம்பைப் புகைபோக்கி என்றுதான் பார்த்தவுடன் நினைக்கத் தோன்றும். அது புகைபோக்கியும்தான், தொழிற்கூடமும்தான். வட்டமான அந்தக் கட்டடத்தின் நடுவே உலை இருக்கும். உலையைச் சுற்றி, கூம்புக்கு உள்ளேயே, தொழிலாளிகள் வேலை செய்வார்கள். தரைக்கு அடியில் சுரங்கம் வெட்டி, வெளிக்காற்று நேராக உலையின் அடிக்கு வரும்படி செய்திருந்தார்கள். சூடான காற்று கூம்பின் உச்சியை நோக்கி ஏற ஏற, கீழிருந்து புதுக்காற்று இழுபடும். துருத்தி இல்லை, விசிறி இல்லை. கட்டடத்தின் வடிவமே நெருப்பை ஊதியது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய இந்தக் கூம்பில் 1936 வரை வேலை நடந்தது. இந்த நாட்டில் ஒரு காலத்தில் கண்ணாடி செய்த ஊரில் எல்லாம் இப்படிக் கூம்புகள் இருந்தன. இன்று முழுதாக நிற்பவை நான்குதான். ஷெஃபீல்டுக்கு அருகே காட்கிளிஃபில் ஒன்று, நியூகாசில் பக்கம் லெமிங்டனில் ஒன்று, ஸ்காட்லாந்தின் அல்லோவாவில் ஒன்று, வேர்ட்ஸ்லியில் ஒன்று.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். கண்ணாடி வெட்டும் பட்டறையில் சிறுவனாகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தவர். என் மகள் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டாள். அவரும் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். எனக்கு இந்தத் தொழிலின் அரிச்சுவடியைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கூம்புக்குள் முதன்முதலில் என்னை அழைத்துப் போனவரும் அவர்தான்.

"மேலே பார்க்காதீங்க அம்மா, எல்லாரும் மேலேதான் பார்க்கிறாங்க. தரையைப் பாருங்க. ஆளு நின்னு நின்னு தேஞ்ச இடம் தெரியும்," என்றார்.

இந்த மண்ணில் இந்தத் தொழில் ஏன் வேர்விட்டது என்பதற்கும் காலடியில்தான் பதில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியிலிருந்து கண்ணாடிக் குடும்பங்கள் இங்கிலாந்துக்கு வந்தன. புராட்டஸ்டண்ட் மதத்தவர்கள் என்பதால் சொந்த ஊரில் அவர்களுக்கு நெருக்கடி. இங்கிலாந்தின் தென்பகுதிக் காடுகளில் விறகு எரித்துக் கண்ணாடி செய்தார்கள். விறகு தீரத் தீரக் காடு விட்டுக் காடு நகர்ந்தார்கள். கப்பல் கட்ட மரம் போதவில்லை என்று கவலைப்பட்ட அரசர் முதலாம் ஜேம்ஸ், 1615-இல் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கக் கூடாது என்று அறிவித்தார். இனி நிலக்கரிதான். அந்த நிலக்கரி இந்த ஊர்களுக்கு அடியில் தடித்த படலமாகக் கிடந்தது. அதோடு, லை, ஆம்பிள்கோட் பகுதிகளின் மண்ணுக்குள் ஒரு வகைக் களிமண் இருந்தது. எத்தனை கடும் வெப்பத்திலும் வெடிக்காத, உருகாத களிமண். கண்ணாடியை உருக்கும் பானைகள் செய்ய அதற்கு ஈடு கிடையாது. நெருப்பும் பானையும் ஒரே இடத்தில் கிடைத்த பிறகு லொரேன்காரர்கள் ஏன் நகரப் போகிறார்கள்? டிசாக், ஹென்சி, டிட்டரி என்று ஆங்கில நாக்குக்கு ஏற்ப மாறிய பெயர்களோடு அவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

பிழைக்க இடம் தேடி வந்தவர்கள் தங்கள் கைத்தொழிலால் ஒரு வட்டாரத்துக்கே முகம் கொடுத்த கதை இது. கடல் தாண்டிப் போய்க் குடியேறியிருந்த எனக்கு, அந்த நாட்டு மன்னர் பரம்பரைக் கதைகளைவிட இந்தக் கதை நெருக்கமாக இருந்தது. அந்த ஊரில் என்னை நான் அந்நியமாக உணராததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடக்கத்தில் செய்தது ஜன்னல் கண்ணாடியும் புட்டியும். 1670-களில் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் கண்ணாடிக் கலவையில் ஈய ஆக்சைடு சேர்த்துப் பார்த்தார். கனமான, மென்மையான, வெளிச்சத்தை வாரி இறைக்கும் ஒரு கண்ணாடி பிறந்தது. மணல், சிவப்பு ஈயம், பொட்டாசு மூன்றும்தான் அதன் மூலப்பொருட்கள். கிரிஸ்டல் என்று நாம் சொல்வது அதைத்தான். அது மென்மையானது என்பதால் சாணையில் வெட்டிப் பட்டை தீட்டலாம். ஸ்டவர்பிரிட்ஜ் வட்டாரம் பிறகு புகழ் பெற்றது அந்தக் கண்ணாடியால்தான். ஆனால் 1745-இலிருந்து நூறு ஆண்டுகள் அரசு கண்ணாடிக்கு எடை பார்த்து வரி போட்டது. வரி அதிகாரிகள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க ஆசைப்பட்டவனின் கையை அந்த வரி கட்டிப்போட்டது. 1845-இல் வரி நீங்கியதும் அணை உடைந்தது. ஆறே ஆண்டுகளில், 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில், இந்த வட்டாரத்து ஆலைகள் வண்ணம், வெட்டு, ஓவியம் என்று அத்தனை வகைகளையும் காட்சிக்கு வைத்தன.

உருக்கும் பானையைப் பற்றிப் பக்கத்து வீட்டுத் தாத்தா பேசத் தொடங்கினால் மணிக்கணக்கில் பேசுவார். களிமண்ணைத் தோண்டி வெளியே போட்டு, மழையிலும் பனியிலும் பதப்பட விடுவார்கள். பிறகு அரைத்து, நீர் விட்டு, வெறுங்காலால் மிதிப்பார்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் உலையில் பானை வெடித்துவிடும். எந்த இயந்திரத்தையும்விடக் கால்தான் அதைச் சரியாகக் கண்டுபிடிக்கும். பானையைச் சக்கரத்தில் வனைய மாட்டார்கள். மண்ணைத் திரணையாக உருட்டி அடுக்கி, கையாலேயே அழுத்தி, நாளுக்குச் சில அங்குலமாக வளர்ப்பார்கள். பிறகு மாதக்கணக்கில் நிழலில் உலரும். ஈயக் கண்ணாடிக்கான பானைக்கு மேல்பக்கம் மூடியிருக்கும், பக்கவாட்டில் மட்டும் வாய் இருக்கும். நிலக்கரிப்புகை பட்டால் ஈயம் கறுத்து, கண்ணாடி கெட்டுவிடும் என்பதால் அந்த ஏற்பாடு.

உலையில் ஒரு பானை உடைந்துவிட்டால், உலையை அணைக்காமலே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். தனிச் சூளையில் செக்கச் சிவக்கக் காய்ச்சிய புதுப்பானையை இரும்பு வண்டியில் தூக்கி, திறந்த உலைவாய்க்குள் தள்ளுவார்கள். ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு ஆட்கள் மாறி மாறி முன்னே ஓடுவார்கள், சில நொடிகளில் பின்வாங்குவார்கள். ஆலையில் எந்த வேலைக்காரனாக இருந்தாலும் அன்றைக்குக் கூப்பிட்டால் வந்துவிடுவானாம்.

வேலை செய்யும் குழுவுக்கு 'சேர்' என்று பெயர். நான்கு பேர். தலைவர் காஃபர். அவருக்கு நீண்ட கைகள் வைத்த ஒரு பலகை இருக்கை. ஊதுகுழலை அதன் கைகள்மேல் உருட்டிக்கொண்டே கண்ணாடிக்கு வடிவம் கொடுப்பார். அடுத்தவர் சர்விட்டர், கிண்ணத்தை ஊதுபவர். மூன்றாமவர் ஃபுட்மேக்கர், பானையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தருபவர். கடைசியாக ஒரு சிறுவன், முடிந்த சாமானை எடுத்துக்கொண்டு ஆறவைக்கும் நீண்ட அடுப்புக்கு ஓடுபவன். அந்த அடுப்பை லேர் என்பார்கள். அதில் கண்ணாடி மெல்ல மெல்லச் சூடு இறங்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, என்றாவது ஒருநாள் தானாகவே உடையும். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு, மறுபடி ஆறு மணி நேரம் வேலை என்று வாரம் ஓடும். நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து இருட்டில் உலைக்குப் போன சிறுவர்களின் ஊர் அது.

குழுவில் பேச்சே இருக்காது. குழலின் முனையில் வெல்லப்பாகு பதத்தில் தொங்கும் கண்ணாடி யாருக்காகவும் காத்திருக்காது. ஒருவர் கையை நீட்டும்போது அடுத்தவர் கருவியோடு அங்கே நிற்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் அது மறுபடி உலைக்குப் போகும், இரண்டு நொடி பிந்தினால் குப்பைக்குப் போகும். ஒயின் கிண்ணம் ஒன்றைத் தனி ஆள் செய்வதில்லை, நான்கு உடல்கள் ஒரே மூச்சில் செய்கின்றன என்பதை நான் ஸ்டூவர்ட் கிரிஸ்டல் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போன அன்று கண்ணால் கண்டேன். ஃபிரெடெரிக் ஸ்டூவர்ட் என்பவர் பதினோரு வயதில் கண்ணாடி வேலைக்கு வந்தவர். 1881-இல் ரெட் ஹவுஸ் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். அவர் பெயரில் வளர்ந்த நிறுவனம், நாங்கள் இருந்த காலத்தில் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. சிறு குறை உள்ள சாமான்களை இரண்டாம் தரமாக ஆலைக்கடையில் விற்பார்கள். ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் பரிசு அங்கிருந்துதான். என் வீட்டில் பாயசம் பரிமாறியது அந்த இரண்டாம் தரக் கிண்ணங்களில்.

நடைதூரத்தில், கிங்ஸ்வின்ஃபர்டில், பிராட்ஃபீல்ட் ஹவுஸ் கண்ணாடி அருங்காட்சியகம் இருந்தது. பழைய பெரிய வீடு ஒன்றில் 1980-இல் தொடங்கினார்கள். ஸ்டவர்பிரிட்ஜிலும் பிரையர்லி ஹில்லிலும் தனித்தனியாக இருந்த கண்ணாடிச் சேகரிப்புகளை ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்திருந்தார்கள். மழை பெய்யும் நாட்களில் கால்வாய் நடை முடியாது. அப்போதெல்லாம் நானும் மகளும் போகும் இடம் அதுதான். பின்கட்டில் ஒரு சிறிய உலையும், அங்கே வேலை செய்யும் கலைஞர்களும் இருந்தார்கள். என் மகள் கம்பித்தடுப்பைப் பிடித்தபடி நின்றால் நகர மாட்டாள்.

அறை அறையாக நூற்றாண்டுகள். தங்கம் கலந்து கிடைத்த சிவப்பு, கோபால்ட் தந்த நீலம், யுரேனியம் சேர்த்ததால் வந்த மஞ்சள் கலந்த பச்சை. மெழுகு பூசிக் கீறி, அமிலத்தில் தோய்த்து எடுத்த கொடிகளும் பூக்களும். அந்த மெழுகு வேலையிலும் வண்ணம் தீட்டுவதிலும் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள். உலைப்பக்கம் அவர்களை விடவில்லை. பெயர் பொறித்த காட்சிச் சீட்டுகளில் அந்தப் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. ஆனால் கொடியின் வளைவில் அவர்களுடைய கை தெரிகிறது. ஒவ்வொரு முறையும் அந்த அலமாரிகளுக்கு முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

அருங்காட்சியகத்தின் பெருமைக்கு மணிமுடி கேமியோ கண்ணாடி. கருநீலக் கண்ணாடியின்மேல் வெள்ளைக் கண்ணாடியை ஒரு தோலாகப் போர்த்தி ஊதி, ஆறியபின் வெள்ளையைச் செதுக்கி எடுத்து உருவங்களை வெளிக்கொண்டுவருவது. ரோமானியர்களுக்குத் தெரிந்திருந்த வித்தை. அவர்கள் செய்த போர்ட்லண்ட் ஜாடி பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1845-இல் ஒருவன் அதை உடைத்துச் சுக்குநூறாக்கினான், பிறகு ஒட்டினார்கள். அதைப் போலக் கண்ணாடியிலேயே இன்னொன்று செய்ய எவராலும் முடியவில்லை. வேர்ட்ஸ்லியில் பிறந்த ஜான் நார்த்வுட் அதைச் செய்தார். அவருடைய உறவினர் பிலிப் பார்ஜெட்டர் அப்போது ரெட் ஹவுஸ் ஆலையை நடத்திக்கொண்டிருந்தார். இரண்டடுக்கு ஜாடியை அங்கே, அந்தக் கூம்பில், டேனியல் ஹான்காக்ஸ் ஊதித் தந்தார். எஃகுக் கம்பிகளைக் கூராக்கி, நார்த்வுட் மூன்று ஆண்டுகள் செதுக்கினார். வேலை முடியும் தறுவாயில் ஜாடி விரிசல் விட்டது. இரண்டு கண்ணாடிகளும் சூட்டில் ஒரே அளவில் விரிவடையாததன் விளைவு. பலருக்குக் கை ஓய்ந்திருக்கும். அவர் அதை ஒட்டி, மேலும் செதுக்கி, 1876-இல் முடித்தார்.

அந்த ஜாடி பிறகு வட்டாரத்தையே மாற்றிவிட்டது. ஜார்ஜ் வுடாலும் அவருடைய அண்ணன் தாமஸ் வுடாலும் தாமஸ் வெப் நிறுவனத்தில் கேமியோவைப் பெருங்கலையாக வளர்த்தார்கள். பக்கத்து ஊரான பிராக்மூரில் 1863-இல் பிறந்த ஃபிரெடெரிக் கார்டர், இளைஞனாக அந்த ஜாடியைப் பார்த்துக் கண்ணாடியே தன் வாழ்க்கை என்று முடிவு செய்தார். ஸ்டீவன்ஸ் அண்ட் வில்லியம்ஸ் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்து, 1903-இல் அமெரிக்காவின் கார்னிங் நகருக்குப் போய் ஸ்டூபென் கண்ணாடி நிறுவனத்தைத் தொடங்கினார். நூறு வயது வாழ்ந்தார். நார்த்வுட் செதுக்கிய ஜாடியும் பின்னாளில் கடல் கடந்து அதே கார்னிங் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சில சதுர மைல் பரப்புக்குள் அடங்கிவிடும் ஊர்களிலிருந்து ஒரு கலை இத்தனை தூரம் நடந்திருக்கிறது.

ஆனாலும் எனக்கு மிகப் பிடித்தவை அந்தச் சிகரங்கள் அல்ல. ஒரு மூலை அலமாரியில் கண்ணாடிக் கைத்தடிகள், கண்ணாடி மணிகள், கண்ணாடித் தொப்பிகள், சப்பாத்திக் கட்டை மாதிரியான உருளைகள், கயிறு ஏணி கட்டிய கப்பல்கள் இருந்தன. ஃபிரிகர் என்பார்கள். வேலை நேரம் முடிந்து, பானையின் அடியில் மிஞ்சிய கண்ணாடியில் தொழிலாளிகள் தங்களுக்காகச் செய்துகொண்டவை. விற்பதற்கு அல்ல. மனைவிக்கு, குழந்தைக்கு, தன் திறமையைத் தோழனுக்குக் காட்ட. தொழிற்சங்க ஊர்வலங்களில் இவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நெருப்பில் வெந்த மனிதன், வீட்டுக்குப் போகாமல் இன்னும் சற்று நேரம் அதே நெருப்பருகே நின்று, யாரும் கேட்காத ஒரு கைத்தடியை முறுக்கியிருக்கிறான். தொழிலில் அவனுக்கிருந்த காதலுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எங்கள் தாத்தாவின் வீட்டிலும் அப்படி ஒரு கைத்தடி சுவரில் தொங்கியது. அவர் ஊதுபவர் அல்ல, வெட்டுபவர். அந்த வேலையை அவர் எனக்குக் கையசைத்தே விளக்குவார். முதலில் கண்ணாடியின்மேல் தூரிகையால் சில கோடுகள் மட்டும் போடுவார்கள். முழுக் கோலமும் வெட்டுபவரின் தலைக்குள் இருக்கும். இரும்புச் சக்கரத்தில் மணலும் நீரும் சொட்ட முதல் வெட்டு. பிறகு மணற்கல் சக்கரத்தில் மழமழப்பு. அதன்பின் மரச்சக்கரத்தில் மெருகு. சக்கரம் கண்ணாடிக்கு அடியில் சுழலும். வெட்டு விழும் இடத்தை வெளியிலிருந்து பார்க்க முடியாது, கண்ணாடியின் உள்பக்கம் வழியாக ஊடுருவித்தான் பார்க்க வேண்டும். காது பாதி வேலையைச் செய்யும் என்பார். சத்தம் மாறினால் ஆழம் மாறிவிட்டது என்று பொருள். குளிர்காலத்தில் பனிநீராக ஓடும் தண்ணீரில் நாள் முழுக்கக் கை நனைந்திருக்கும். மெருகிடும் பொடியில் ஈயம் இருந்தது. பழைய தலைமுறையில் அது உடம்பில் ஏறி, மணிக்கட்டு தொய்ந்துபோனவர்கள் இருந்தார்களாம். தெளிந்த ஒரு கிண்ணத்தின் விலையில் இதுவும் சேர்ந்திருக்கிறது. அதை மறந்து அந்தத் தொழிலைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் அங்கே இருக்கும்போதே சரிவு தொடங்கிவிட்டது. 1990-இல் தாமஸ் வெப் மூடியது. ஊரில் துக்கவீட்டுப் பேச்சுதான் அன்று. ராயல் பிரையர்லி என்று பெயர் மாறியிருந்த ஸ்டீவன்ஸ் அண்ட் வில்லியம்ஸ் 2000-ஐ ஒட்டி நொடிந்தது. ஸ்டூவர்ட் கிரிஸ்டல் 1995-இல் வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் குழுமத்தின் கைக்குப் போய், 2001-இல் வேர்ட்ஸ்லி ஆலை மூடப்பட்டது. காரணங்கள் பல. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மலிவான கண்ணாடி வந்தது. கையால் தேய்த்துக் கழுவ வேண்டிய கனத்த கிண்ணங்களை இளைய தலைமுறை விரும்பவில்லை. கல்யாணப் பரிசு மாறியது, விருந்து மாறியது. ஆலையின் முடிவுகளை ஊருக்கு வெளியே இருந்தவர்கள் எடுக்கத் தொடங்கினார்கள். லொரேன்காரர்கள் மூட்டிய நெருப்பு அத்தனை போரிலும் பஞ்சத்திலும் தாக்குப்பிடித்து, கணக்குப் புத்தகத்தின் முன்னால் அணைந்தது.

இதற்கு நடுவே, 1994-இல், பிராட்ஃபீல்ட் ஹவுஸின் பின்புறத்தில் முழுக்க முழுக்கக் கண்ணாடியாலான ஒரு நுழைவு மண்டபம் கட்டினார்கள். சுவர் கண்ணாடி, கூரை கண்ணாடி, தூணும் உத்தரமும்கூடக் கண்ணாடி. இரும்புச் சட்டமே கிடையாது. கட்டடக் கலைஞர்கள் வெளிநாடுகளிலிருந்து வந்து பார்த்தார்கள். ஆலைகள் சாய்ந்துகொண்டிருந்த பருவத்தில் அந்த மண்டபத்தைப் பார்த்தபோது ஊருக்கே நிமிர்ந்து நிற்கத் தோன்றியது. தாத்தா தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அதைப் பார்க்க வந்தார். கண்ணாடி உத்தரத்தை நெடுநேரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல வேலை," என்றார். அவர் எந்த வேலையையும் எளிதில் நல்ல வேலை என்று சொல்பவர் அல்லர்.

நாங்கள் ஊர் மாறிப் போன பிறகும் செய்திகளைத் தேடித் தேடிப் படித்தேன். நகராட்சியின் செலவுக் குறைப்பில் பிராட்ஃபீல்ட் ஹவுஸ் 2015-இல் மூடப்பட்டது. ஆலைகள் மூடியபோது வந்ததைவிட அன்று வருத்தம் அதிகம். ஆலை போனால் அதன் நினைவாவது அங்கே இருந்தது. இப்போது நினைவும் பெட்டிக்குள் போகிறதே என்ற தவிப்பு. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஆபத்து வருவது முன்பே தெரிந்து, 2010-இலேயே பிரிட்டிஷ் கிளாஸ் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார்கள். ஆலையில் வேலை செய்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், சேகரிப்பாளர்கள், தொழிலை நேசித்தவர்கள் என்று பலரும் தோள் கொடுத்தார்கள். கதவு மூடி ஏழு ஆண்டுகளுக்குப் பின், 2022-இல், ஸ்டவர்பிரிட்ஜ் கண்ணாடி அருங்காட்சியகம் வேர்ட்ஸ்லியிலேயே திறந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் ரெட் ஹவுஸ் கூம்பு, அந்தப் பக்கம் பழைய வொயிட் ஹவுஸ் ஆலை இருந்த இடத்தில், ஸ்டூவர்ட் கிரிஸ்டல் நடந்த வளாகத்தில், புது அருங்காட்சியகம்.

மகளோடு அங்கே போனேன். அவள் இப்போது தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேமியோ ஜாடிகள் புது வெளிச்சத்தில் நின்றன. ஃபிரிகர்களும் இருந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு முதிய தம்பதி நின்று, ஒரு கிண்ணத்தின் வெட்டைக் காட்டி, அது எந்தப் பட்டறையில் யார் வெட்டியது என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அருங்காட்சியகங்கள் பல பார்த்திருக்கிறேன். காட்சிப் பொருளைச் செய்தவர்களின் அண்டை வீட்டார் வந்து, அதன் முன் நின்று, உரிமையோடு சண்டை போடும் அருங்காட்சியகம் இது ஒன்றுதான்.

ஒரு தொழிலின் அருங்காட்சியகம் முதலில் அந்தத் தொழிலைச் செய்தவர்களுக்குச் சொந்தம். சுற்றுலாப் பயணி பிறகுதான். அது அந்த ஊரிலேயே, அந்தச் சாலையிலேயே, அந்தக் கூம்பு தெரியும் தூரத்திலேயே இருக்க வேண்டும். லண்டனின் பெரிய கூடம் ஒன்றில் இதே ஜாடிகளை இன்னும் அழகாக வைத்திருக்கலாம். அங்கே அவை அழகான பொருட்களாக இருந்திருக்கும். இங்கே அவை உழைப்பின் சாட்சிகள். ஏழு ஆண்டுகள் விடாப்பிடியாக நின்று இதை வேர்ட்ஸ்லிக்கே கொண்டுவந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

ஜாடியைப் பெட்டியில் காப்பாற்றிவிடலாம். காஃபர் கையை நீட்டும் நொடியில் கருவியோடு நிற்கத் தெரிந்த அந்த அறிவை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. கையிலிருந்து கைக்குத்தான் அது போக முடியும். அதற்கும் இந்த வட்டாரம் வழி செய்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். ஆம்பிள்கோட்டில் பழைய கிரிஸ்டல் ஆலை ஒன்று ரஸ்கின் கண்ணாடி மையமாக மாறியிருக்கிறது. அங்கே பட்டறைகள் வைத்துக் கலைஞர்கள் தொழில் செய்கிறார்கள். அந்த வளாகத்தின் கல்லூரியில், கற்பதில் தனிக் கவனம் தேவைப்படும் இளைஞர்கள் கண்ணாடி வேலை கற்கிறார்கள். 2004-இலிருந்து அங்கே பன்னாட்டுக் கண்ணாடி விழா நடத்தினார்கள். வேறு வகுப்பறைகளில் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் உலைக்கு முன்னால் குழலைச் சுழற்றுகிறார்கள். கண்ணாடி அவர்களிடம் மதிப்பெண் கேட்பதில்லை, கவனத்தை மட்டும் கேட்கிறது. லொரேனிலிருந்து ஊர் இழந்து வந்தவர்களுக்கு இடம் கொடுத்த தொழில், நானூறு ஆண்டுகள் கழித்து இவர்களுக்கும் இடம் கொடுக்கிறது.

இங்கிலாந்து போகிற நம்மவர்கள் லண்டனையும் எடின்பரோவையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பர்மிங்காமில் உறவினர் வீடு இருந்தால் ஒரு பகல் ஒதுக்கி வேர்ட்ஸ்லிக்குப் போய் வாருங்கள். கூம்புக்குள் நின்று தரையைப் பாருங்கள். அருங்காட்சியகத்தில் கேமியோவைப் பார்த்த பிறகு ஃபிரிகர் அலமாரிக்கு அவசியம் போங்கள். உலை எரியும் நாளாக அமைந்தால், அங்கே கற்றுக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் ஒரு சிறு கிண்ணம் வாங்குங்கள். அந்த ஊரின் தொழில் இன்னும் நடக்க வேண்டுமானால், அதை வாங்கும் கைகளும் வேண்டும்.